பூட்டியவளுக்கு ஒரு விளக்கு

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து கம்பெனிகளுக்குப் போகும் ஷேர் ஆட்டோவில், எனக்கு எதிரே ஒரே சீருடையில் இரண்டு பெண்கள். ஒருத்தி உள்ளூர்க்காரி. மூத்தவள் இலங்கை அகதி முகாமிலிருந்து வருகிறவள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“இண்டைக்கு விளக்கேத்தினனான், எங்களை உள்ள வைச்சுப் பூட்டின சிங்கள அக்காவுக்கு.”

“பூட்னவளுக்கா? இன்னாக்கா சொல்ற?”

“கொழும்பில பக்கத்து வீடு. தமிழரை எரிக்க ஆக்கள் வரேக்க, வெளியால பூட்டுப் போட்டிட்டு, ‘அவை நேற்றே போயிட்டினம்’ எண்டு வாசல்ல நிண்டவ.”

“அந்த எம்பத்திமூணு கலவரத்துலயா?”

“கலவரம் எண்டா ரெண்டு பக்கமும் அடிபடோணும், தங்கச்சி. எங்கட பக்கம் கட்டிலுக்குக் கீழ நாலு பிள்ளையள்தான்.”

“அப்போ அத இன்னான்னு சொல்றது?”

“இனப்படுகொலையோ இல்லையோ எண்டு பெரிய ஆக்கள் இன்னும் வாதாடினம். நான் உயிரோட இருக்கிறன், அது அவவால.”

“வந்தவனுங்க அத நம்பிக்கினு போய்ட்டானுங்களா?”

“அந்தக் கூட்டத்துக்கு முன்னுக்கு வந்தவன் அவவின்ர புருசன். ‘பூட்டிக் கிடக்கு, ஆருமில்லை’ எண்டு அவன் கத்தினது எங்களுக்குக் கேட்டது. ஆனா அது அவன்ர வீட்டுப் பூட்டு.”

ஆட்டோ கம்பெனி வாசலில் நின்றது. உள்ளூர்க்காரி இறங்காமல் கேட்டாள்:

“அப்போ அவனுக்கும் சேத்தா ஏத்துன?”

“இந்த வருசம்தான் ரெண்டாவது திரி போட்டனான்.”