ரெண்டாம் சாட்சி

இருங்க தம்பி, தர்றேன். வக்கீலுக்குப் படிக்கிறவங்களுக்கு அவசரம் இருக்கத்தான் செய்யும். இந்த லைப்ரரியில இந்தத் தொகுதி ஒண்ணுதான் இருக்குன்னு எனக்கும் தெரியும். ஆனா இதுக்குள்ள நான் இருக்கேன்ல? நாடும் நாடும் மல்லுக்கட்டுன வழக்கையெல்லாம் தீர்ப்போட, சாட்சியோட அச்சடிச்சு வச்சிருக்காங்க பாருங்க, இதுல முதல் சாட்சின்னு போட்டிருக்கிறது ஐயாதான். சத்தியமா. சிரிக்காதீங்க.

கடலுக்கு நடுவுல ஒரு திட்டு, அது மேல ஒரு லைட் ஹவுஸ். நான்தான் விளக்குக்காரன். நானும் வீட்டுக்காரியும், கூட ஒரு உதவியாளு, சொட்டைன்னு கூப்பிடுவோம். பக்கத்து நாட்டுக்காரன் அது வெறும் பாறைங்கிறான். நம்மாளுங்க தீவுங்கிறாங்க. என்ன வித்தியாசமா? நல்லா படிக்கிறீங்க போங்க! மனுஷன் குடியிருந்து பொழைக்க முடிஞ்சா தீவு. சுத்தியிருக்கிற கடல், மீனு எல்லாம் நமக்கு. முடியாதுன்னா பாறை, பறவை எச்சம் போடுற கல்லு.

அதான் என்னைக் கூப்பிட்டாங்க. சும்மா விடுவேனா? தக்காளி போட்டேன், ஒவ்வொண்ணும் கொழந்தை தலை அளவு, தூக்க ரெண்டு ஆள் வேணும்னேன். கரையிலேர்ந்து ஒரு ஆடு தானா நீந்தி வந்து, இங்கதான் புல்லு ருசின்னு தங்கிடுச்சுன்னேன். ஆடு அப்படிச் சொல்லுச்சான்னு ஒரு நடுவர் கேட்டார். சொல்லலைங்க, ஆனா திரும்பிப் போகலையேன்னேன். அடிக்குறிப்புல பாருங்க, இந்தச் சாட்சிக்குக் கற்பனை அதிகம்னு போட்டிருக்கான். உலகத்துக்கே தெரியுற மாதிரி பட்டம் தம்பி!

ஆனாலும் ஜெயிச்சிருப்போம். ரெண்டாம் சாட்சி கவுத்துடுச்சு. அந்த நாட்டுக்காரன் பக்கம் நின்ன சாட்சி, கதவைச் சாத்திக்கிட்டு விசாரிச்சிருக்காங்க. கூடவே குடியிருந்த ஆளு, அங்க வாழவே முடியாதுன்னு சொல்லிடுச்சு. கடலும் போச்சு, விளக்கையும் அணைச்சாங்க, என் வேலையும் போச்சு. பேரை மட்டும் வெளிய விடல.

சொட்டைதான்னு முடிவு கட்டுனேன். வேற யாரு இருக்கா? அதுக்கப்புறம் அவன் மூஞ்சியில முழிக்கல. வாசல்ல வந்து நின்னு அழுதான், கதவைத் திறக்கல. போன மாசம் செத்துட்டான், அதுக்கும் போகல. காட்டிக் கொடுத்தவன் என்ன வார்த்தை சொன்னான்னு அச்சுல பார்த்தாதான் மனசு ஆறும்னு வந்தேன்.

படிச்சுட்டேன், படிச்சுட்டேன். இந்தாங்க, நீங்களே பாருங்க. தண்ணி இருந்துச்சான்னு கேட்டிருக்காங்க, இருந்துச்சாம். சாப்பாடு? அதுவும் இருந்துச்சாம். பின்ன ஏம்மா வாழ முடியாதுங்கிறீங்கன்னா, நான் பேசத்தான் இடமில்லைங்க, எதைச் சொன்னாலும் அவர் ஒரு கதை சொல்லுவார், பகலும் ராத்திரியும் அவர் குரல் ஒண்ணுதான்னு சொல்லியிருக்கு.

ஆமா, அம்மான்னுதான் போட்டிருக்கு. விசாரணை நடந்த மாசம்தான் வீட்டுக்காரி அவ அக்காவைப் பார்த்துட்டு வர்றேன்னு கெளம்புனா. அக்காவை அந்த நாட்டுலதான் கட்டிக் கொடுத்திருக்கு. பெட்டியைப் படகுல ஏத்திவிட்டதே நான்தான். பத்திரமா போய்ட்டு வான்னேன்.

கீழ பெஞ்சுல உக்காந்திருக்கா. பார்வை மங்கிப்போச்சு, இல்லன்னா அவளும் மேல வந்திருப்பா. ஊரு பேர் தெரியாத மூணு நடுவர்கிட்ட சொன்னதை எங்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன கேக்க மாட்டேன்னா சொன்னேன்?

என்ன தம்பி, ஏதோ சொல்ல வர்றீங்க? இருங்க, இருங்க, நான் முடிச்சுக்கறேன்.