மார்போடு நின்ற போட்டோ

திருத்தணி மலையடியில் நேர்த்திக்கடனுக்குக் கை, கால் வடிவில் வெள்ளி உரு விற்கும் கடைமுன் ஒரு கணவனும் மனைவியும் எனக்கு முன்னால் நின்றிருந்தார்கள். பட்டாளத்துக்குப் போன மகன் அவர்களோடு வரவில்லை. அவன் அனுப்பிய போட்டோ மட்டும் அவள் கையில் இருந்தது.

“கால் எங்க?”

“இது மார்போட எடுத்த போட்டோடி. சௌக்கியம்னு எழுதிகீறான் இல்ல.”

“போறப்ப முழுசா நின்னு எடுத்துகினான். இப்ப ஏன் பாதியா அனுப்பறான்?”

“அரக்கோணத்துல ரயில் ஜன்னல்ல உன் தம்பி தலை மட்டும்தான் தெரிஞ்சுது. காலு இல்லன்னு அழுதியா?”

“அங்க மறைக்கிறதுக்கு ரயில் இருந்துது. இதுல என்னா இருக்குது, சொல்லு. நம்ம ஊட்டு சாமி படத்துல எதுலயாவது பாதம் இல்லாம கீதா?”

பாடப்புத்தகத்தில் தலைவர்களின் மார்பளவுப் படங்களையே பார்த்துப் பழகிய எனக்கு அதுவரை அதில் குறையொன்றும் தெரிந்திருக்கவில்லை.

அவர் போட்டோவை வாங்கி, கீழ் ஓரத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடைக்காரரிடம், “முருகனுக்குச் செலுத்தணும். கால் உரு இருக்குதுங்களா?” என்றார்.

“ஆங், இருக்குது. ஒத்தையா, ஜோடியா?”

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள்.

“ரெண்டு காலும் குடுங்க” என்றார் அவர்.

மூன்று ரூபாய் எட்டணா ஆயிற்று.