மகளின் லேப்டாப்பை வேகப்படுத்தினேன்

எஸ்எஸ்டி என்கிற புதுவகை டிரைவில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினால் அதோடு எழுந்து போய்விடக் கூடாது. வேண்டாத சேவைகளை நிறுத்த வேண்டும். ட்ரிம் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்; அழித்த கோப்புகள் இருந்த இடத்தை நிஜமாகவே காலி செய்வது அதுதான். அப்புறம் பாருங்கள், கணினி குதிரை மாதிரி ஓடும். பணி ஓய்வுக்குப் பிறகு கற்றுக்கொண்ட வித்தை இது. தெருவில் பாதி வீட்டுக் கணினிகள் என் கைபட்டவைதான்.

வீட்டில் நானும் மகளும் மட்டும். அவள் படம் வரைந்து அசைய வைப்பவள். தனியாளாகப் படகு கட்டும் ஒரு பெண்ணின் கதையை மூன்று வருடமாகச் செய்துகொண்டிருந்தாள். அதில் ஒரு துண்டைப் பார்த்த வெளியூர் நிறுவனம், முழுப் படத்தோடு வரச் சொன்னது. பிடித்துவிட்டால் அங்கேயே வேலை, அங்கேயே குடித்தனம்.

எனக்கு ஒரே பெருமை. "இந்த ஓட்டை லேப்டாப்பத் தூக்கிட்டா போவ? புது எஸ்எஸ்டி போட்டு ஜம்முனு பண்ணித் தரேன்" என்றேன்.

"படத்த வெளி டிரைவ்ல போட்டுட்டேன்ப்பா. அத மட்டும் பத்திரமாப் பாத்துக்கங்க."

அந்த வெளி டிரைவும் எஸ்எஸ்டிதான். அவள் பிறந்தநாளுக்கு நான் வாங்கித் தந்தது. "அங்கங்க இறைச்சு வைக்காத, எல்லாம் ஒரே இடத்துல இருக்கட்டும்" என்று சொல்லி மற்ற பிரதிகளை அழிக்க வைத்ததும் நான்தான்.

நிறுவும்போது வெளி டிரைவையும் செருகி வைத்திருந்தால் திரையில் இரண்டு டிரைவ்களும் அடுத்தடுத்துத் தெரியும். விவரம் தெரியாதவர் மாற்றி அழித்துவிடுவார். எனக்கு விவரம் தெரியும். இரண்டையும் அழித்தேன். ட்ரிம்மை ஓடவிட்டுவிட்டு, பாடிக்கொண்டே தேநீர் போட்டேன்.

தகவல் மீட்டுத் தரும் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "பழைய ஹார்டு டிஸ்க்கா இருந்தா எப்படியாவது தோண்டி எடுத்திருப்பேன் சார். இதுல ட்ரிம் ஓடிருச்சு. ஒண்ணும் மிஞ்சல."

எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார். ஆனாலும் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். மகள்தான் அழுதுகொண்டே என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "விடுங்கப்பா. நீங்க என்ன, வேணும்னா பண்ணீங்க?"

தங்கமான பெண். இப்படிப்பட்டவளை முன்பின் தெரியாத ஊருக்கு எப்படி அனுப்புவது, நீங்களே சொல்லுங்கள்.

நிறுவனம் வேறு ஆளை எடுத்துக்கொண்டது. நாங்கள் பழையபடி சேர்ந்து சாப்பிடுகிறோம். வீடு கலகலப்பாகத்தான் இருக்கிறது. நான் பேசுகிறேன், அவள் கேட்கிறாள். லேப்டாப்பும் கண்மூடித் திறப்பதற்குள் தயாராகிவிடுகிறது.

இப்போது அந்தப் படத்தை முதலிலிருந்து மறுபடி வரையத் தொடங்கியிருக்கிறாள். நேற்று சாப்பிடும்போது சொன்னாள்: "அப்பா, இந்தத் தடவையும் காப்பி எடுத்து வைக்கிறத நீங்களே பாத்துக்கங்க. அப்பவாவது உங்க மனசு ஆறும்."

மகள் வாய்விட்டுக் கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை. காலையிலேயே போய் நல்ல டிரைவாகப் பார்த்து வாங்கி வந்துவிட்டேன்.