மூக்கில்லாத தாடிக்காரர்

கோர்துலா: இருபத்து மூணு நாள், ஆறு மணி நேரம். உன் பேக்கரிக் கொல்லையில தோண்டி எடுத்த நூத்திப் பதினாலு சில்லு. ஒட்டினா... இந்த ஒரு ஜாடி.

வின்ஃப்ரீட்: அதுக்குள்ள நான் ஊருக்கே ரொட்டி சுட்டுப் போட்டுட்டேன்.

கோர்துலா: உன் ரொட்டி மறுநாளே காஞ்சுடும். இது சுட்டு நானூறு வருஷமாச்சுடா.

வின்ஃப்ரீட்: சரி, சரி. ஆனா கழுத்துல தாடிக்காரர் முகம் இல்லாம என்ன நம்ம ஃப்ரெஹன் ஊர் ஜாடி?

கோர்துலா: கழுத்தைப் பாரு, தாடி இருக்கு. வாய் இருக்கு. அதுக்கு மேலதான்... கிடைக்கலை. கைப்பிடியும் கிடைக்கலை. வயித்துல ஓக் இலை ஒண்ணு விடாம இருக்கு.

வின்ஃப்ரீட்: லேசா சாஞ்சிருக்காரே.

கோர்துலா: சூளையிலயே சாஞ்சுட்டார். அதான் கழிவுக் குழியில எறிஞ்சிருக்காங்க. நேரா நின்னதெல்லாம் கப்பலேறிடுச்சு. லண்டன்ல தோண்டினாலும் நம்ம ஊர்த் தாடிதான்.

வின்ஃப்ரீட்: நல்லதெல்லாம் அவங்களுக்கு. கோணல்தான் நமக்கு. இருந்தாலும்... என்ன அழகு.

கோர்துலா: அந்தக் கோணலுக்கும் மூணு மணிக்கு வண்டி வருது. நகரத்து அருங்காட்சியகத்துலேர்ந்து பார்த்து எடுத்துட்டுப் போக வர்றாங்க.

வின்ஃப்ரீட்: ஏன்? இதுதான் முழுசா இல்லையே.

கோர்துலா: பெரிய துண்டு ஒண்ணு குறைஞ்சா பூசி நிரப்பிக் கொண்டு போயிடுவாங்க. ரெண்டு குறைஞ்சாத்தான் நம்ம ஊர்க் காட்சிக் கூடத்துக்கு விட்டுட்டுப் போவாங்க. இப்போதைக்கு ரெண்டு குறையுது. ஆனா மதியம் வரைக்கும் குழி மண்ணைச் சலிச்சுத் தேடணும்...

வின்ஃப்ரீட்: சலிக்காதே. விடு. அந்தக் கோண மூக்கைத் தேடி என்ன ஆகப்போகுது?

கோர்துலா: கோண மூக்கா?

வின்ஃப்ரீட்: ஜாடியே கோணலா இருக்கே, அதான்...

கோர்துலா: மூக்கை நான் பார்த்ததே இல்லை. நீ எப்போ பார்த்தே?

வின்ஃப்ரீட்: அடுப்புல ரொட்டி இருக்கு, பார்த்துட்டு வர்றேன்.

கோர்துலா: வின்ஃப்ரீட்.

வின்ஃப்ரீட்: மாவுப் பீப்பாய்ல இருக்கு. நீ சாப்பிடப் போனப்போ மண்ணுக்கு மேலயே என்னைப் பார்த்துக்கிட்டு இருந்தார். எடுத்துட்டேன்.

கோர்துலா: ஒரு துண்டை மறைச்சு என்ன பிரயோஜனம்? பூசிட மாட்டாங்களா?

வின்ஃப்ரீட்: தெரியும். அதான் கைப்பிடி மட்டும் உன் கண்ணுல படக்கூடாதுன்னு தினமும் வேண்டிக்கிட்டு இருக்கேன். நீ ஒரு சில்லைக்கூடப் பதிவேட்டுல எழுதாம விடமாட்டியே. இப்போ என்ன, சொல்லிடப் போறியா?

கோர்துலா: உன் வேண்டுதல் பலிக்கலை. கைப்பிடி ரெண்டாம் நாளே கிடைச்சுது. குயவன் கட்டைவிரலை அழுத்தின தடம் அப்படியே இருக்கு. அந்த ஒண்ணை மட்டும் எழுதலை... என் சாப்பாட்டு டப்பாவுல, உன் ரொட்டிக்கு அடியில இருக்கு.