யாருக்குக் காய்ச்சல்?

கவியா: …அதெல்லாம் அப்புறம். மாபலிபுரம் பஸ் வரதுக்குள்ள சொல்லு. முந்தாநேத்து ஊசி போட்டப்புறம் காய்ச்சல் வந்துதா?

ஆல்வின்: மொதல்ல நீ சொல்லு.

கவியா: நூத்தி ரெண்டு! பல்லு கடகடன்னு ஆடிச்சி.

ஆல்வின்: அப்போ உனக்கு நெஜ மருந்து. பார்ட்டி வை.

கவியா: உனக்கு?

ஆல்வின்: ம்ஹூம்… எனக்குப் பச்சத் தண்ணிதான் போல.

கவியா: போடா. புது மருந்த சோதிச்சிப் பாக்குறாங்க, பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குத் தண்ணி. யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாது.

ஆல்வின்: காய்ச்சலுக்குத் தெரியுமே! எலும்புல மிச்சம் கீற கேன்சர நம்ம ஒடம்பே தொரத்துறதுக்குத்தான் இந்த ஊசி. ஒடம்பு முழிச்சிகினா சூடாவும்னு வார்டே பேசிகினு கீது.

கவியா: காய்ச்சல் வராமலும் வேல செய்யும்னு சிஸ்டர் சொன்னாங்க.

ஆல்வின்: அது ஆறுதலுக்கு.

கவியா: சரி, டீயக் குடி. ராடு வச்ச கால இடிக்காத… டேய், கை ஏன் இப்டி ஆடுது? டீயெல்லாம் என் மேல!

ஆல்வின்: கிளாஸ் சூடு.

கவியா: குடு கைய… ஐயோ, கொதிக்கிது!

ஆல்வின்: வெயில்ல நின்னுகினு இருந்தேன்.

கவியா: மழ தூறிகினு கீது, வெயிலாம் வெயிலு! எப்போலேர்ந்து?

ஆல்வின்: ஊசி போட்ட அன்னிலேர்ந்து… வுட்டு வுட்டு வருது.

கவியா: காய்ச்சல்னா ஒடனே வந்து சொல்லுன்னு தலப்பாடா அடிச்சிகினாங்களே! மருந்துச் சூடா, வேற கிருமியான்னு யாரு பாக்குறது? காலைல ரத்தம் எடுத்தப்போ கூட வாயில கொழுக்கட்டையா?

ஆல்வின்: சொன்னா உன் மூஞ்சி இப்டி ஆவும்னு தெரியும்.

கவியா: எனக்கு இன்னா? எனக்குத்தான் நூத்தி ரெண்டு…

ஆல்வின்: நூத்தி ரெண்டோட எவளாவது பீச்சுல ஐஸ் தின்னுகினு ஸ்டேட்டஸ் போடுவாளா?

கவியா: அது பழைய போட்டோடா.

ஆல்வின்: இன்னாத்துக்குப் பொய் சொன்ன, கவி?

கவியா: நீ போன வாரம் இன்னா சொன்ன? ஒருத்தருக்குத் தண்ணின்னா ரெண்டு பேருக்குமே ஊசி வாணாம், வூட்ல குந்திக்கலாம்னு சொல்லல? அதான்.

ஆல்வின்: அப்போ உனக்கு…

கவியா: தொண்ணூத்தெட்டு. ரெண்டு வாரம் போட்ட ஊசிக்கும் தொண்ணூத்தெட்டுதான். எந்திரிடா, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ புடி. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது மருந்து கெடச்சி கீது… அத வேஸ்ட் பண்ணாத.