பதினொரு விநாடி

மார்ச் பதினான்காம் தேதி, சனிக்கிழமை, காலை ஆறே முக்கால் மணிக்கு எங்கள் ஜிம்மில் நானும் என் மச்சினனும் மட்டும் இருந்தோம். கண்ணாடிகள் பளிச்சென்று இருந்தன. நான்தான் துடைத்தேன், பன்னிரண்டு வருடமாக நான்தான் துடைக்கிறேன்.

வலிமைப் பயிற்சியாளர் சான்றிதழோடு நீங்கள் அனுப்பிய படிவத்தில் ஏழாவது கேள்வி, என் மேற்பார்வையில் யாருக்காவது காயம் ஏற்பட்டதா என்பது. கொடுத்திருந்த கட்டம் சிறியது. அதனால் தனித்தாளில் எழுதுகிறேன்.

தேர்வு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எனக்கு மூன்றாவது முறை, அவனுக்கு முதல் முறை. எங்களில் யார் அதிக மதிப்பெண்ணோடு தேறுகிறாரோ அவரே தலைமைப் பயிற்சியாளர், மற்றவர் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

மச்சினனை எனக்குப் பிடிக்கும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலுக்கு அவனைக் கூட்டிவந்ததே நான்தான். மூன்று மாதமாகச் சாப்பாட்டு மேஜையில் என் மனைவி புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் கேள்வி கேட்டாள். நான் தொண்டையைக் கனைப்பதற்குள் அவன் பக்க எண்ணோடு சொல்லிவிடுவான்.

"மாமாவுக்குத் தசையெல்லாம் உடம்புல இருக்குக்கா. தலைக்கு ஒண்ணுகூட மிஞ்சல."

"சும்மா இருடா, அவருக்குக் கோபம் வந்துடப்போவுது."

எனக்குக் கோபம் வராது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை அவன் பெஞ்சில் மல்லாந்து எடை தூக்கும்போது நான் தலைமாட்டில் துணைக்கு நின்றேன். கம்பி லேசாகத் தடுமாறியது. பிடித்துவிட்டேன். அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"ஏன் மாமா கை வச்சீங்க? நான் கேட்டேனா?"

"விழுந்துடும்னு நெனச்சேன் மாப்ள."

"இப்படி நெனச்சு நெனச்சுத்தான் ரெண்டு தடவ கோட்டை விட்டீங்க. நான் சொல்ற வரைக்கும் தொடாதீங்க."

பயிற்சிக்கு வந்திருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். யார் திருத்தினாலும் திருத்திக்கொள்கிறவன் நான்.

சனிக்கிழமை அவன் மணிக்கட்டில் பட்டை சுற்றிக்கொண்டிருந்தபோது எடைத் தட்டுகளை நான் கம்பியில் மாட்டினேன். அவை நழுவாதபடி கம்பியின் இரு முனையிலும் பூட்டுப் போட்டேன். புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. பூட்டு இல்லாவிட்டால், சிக்கிக்கொண்டவன் கம்பியை ஒரு பக்கம் சாய்த்துத் தட்டுகளை உதறிவிடலாம். அது புத்தகத்தில் இல்லை, அனுபவத்தில் தெரிவது. எழுபது கிலோ என்று சொன்னேன். தொண்ணூறு மாட்டியிருந்தேன். எங்கள் தட்டுகள் எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே வட்டம். ஆனால் எண் போட்டிருக்கும். படிக்கிற பிள்ளை, படித்திருக்கலாம்.

கம்பி அவன் நெஞ்சுக்கு இறங்கியது. மறுபடி ஏறவில்லை. அவன் என்னைப் பார்த்தான். வாய் திறந்தது. நெஞ்சில் அவ்வளவு எடை இருக்கும்போது பேச்சு வராது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும், தொடுங்கள் என்று அவன் சொல்லவில்லை என்பது உண்மை.

நான் சும்மா நிற்கவில்லை. எண்ணினேன், எங்கள் தொழிலில் பாதி அதுதான். "விடாத மாப்ள, இன்னும் கொஞ்சம்" என்று உற்சாகப்படுத்தவும் செய்தேன். பதினொன்றில் தூக்கிவிட்டேன். யாரும் சொல்லாமல், நானாகவேதான் தூக்கினேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விலா எலும்புகள் முறிந்திருந்தன. "மாமா மேல தப்பில்ல, நான்தான் தொடாதீங்கன்னு சொன்னேன்" என்று ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவன் மூச்சுப் பிடித்துப் பிடித்துச் சொன்னான். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லவேளை, நீங்க பக்கத்துல இருந்தீங்க."

ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் தேர்வெழுதினேன். முப்பத்தெட்டாவது கேள்வி: தூக்குபவரால் கம்பியை மேலே தள்ள முடியாமல் போனால், துணை நிற்பவர் எப்போது பிடிக்க வேண்டும்? 'உடனே' என்ற விடையைக் குறித்தேன்.

ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் தேறினேன்.