மெருகு வேண்டாம் என்றவர்

மேடையில் வீற்றிருக்கும் மேயர் தெல்மா ஹார்கிஸ் அவர்களே, போதகர் அவர்களே, கணவரை இழந்து நிற்கும் வெர்னா அம்மையாரே, மெட்லர் கிரீக் பழைய ரிவால்வர் சேகரிப்போர் சங்கத்தின் உறுப்பினர்களே, பின்வரிசையில் உருளைக்கிழங்கு சாலடுக்காகவே வந்திருக்கும் நண்பர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நம் தலைவர் ஆம்ப்ரோஸ் டில்மன் மறைந்துவிட்டார். செயலாளர் என்ற முறையில் நான் அவரைப் புகழ வேண்டும். ஆனால் மேடையேறும்போது வெர்னா என் கையைப் பிடித்துச் சொன்னார்: "இங்க பாருப்பா, அவருக்கு மெருகு கிருகு போட்டுடாத. பிடிக்காது."

ஆகவே உண்மையைச் சொல்கிறேன். ஆம்ப்ரோஸ் இனிமையான மனிதரா? இல்லை! ஏணியை இரவல் கொடுத்தாரா? ஒருநாளும் இல்லை! கண்காட்சிக் கண்ணாடியில் விரல் வைத்தவரை, அவர் போதகரே ஆனாலும், விட்டாரா? போதகரே, நீங்களே சொல்லுங்கள்.

அப்படிப்பட்டவர் உருகியது ஒன்றின் முன்னால்தான். நம் அருங்காட்சியகத்தில் இருக்கும், ஊரின் முதல் காவல் அதிகாரியான மார்ஷல் இடுப்பில் வைத்திருந்த ரிவால்வர். அந்த மார்ஷல் அதை வைத்து யாரையும் சுட்டதாகத் தகவல் இல்லை. அதன் பிடியால் வேலிக்கு ஆணி அடித்திருக்கிறார். பிடியின் அடியில் அந்தத் தழும்பு இருக்கிறது. கட்டைவிரல் பட்ட இடத்தில் மரம் குழிந்திருக்கிறது. உட்பக்கம், யாரும் பார்க்கப்போகாத இடத்தில், அதைச் செய்த தொழிலாளி அரத்தால் இழைத்த கோடுகள் சீராக ஓடுகின்றன. சுடுவதற்கு முன் கட்டைவிரலால் இழுக்கும் அதன் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தால் நான்கு முறை சொடுக்கும். அந்த நான்கையும் கேட்க ஆம்ப்ரோஸ் தொப்பியைக் கழற்றுவார். தேவாலயத்தில் கழற்றி நான் பார்த்ததில்லை.

அந்த ரிவால்வருக்கு ஆபத்து வந்தது. ஊருக்கு நூற்றைம்பதாவது ஆண்டு விழா. அதைத் தேய்த்து நிக்கல் முலாம் பூச வேண்டும் என்றார் மேயர். நகர மன்றக் கூட்டத்தில் அவர்கள் இருவருக்கும் நடந்த பேச்சு உங்களுக்கு நினைவிருக்கும்.

"துருப்பிடிச்ச குழாய் மாதிரி இருக்கு ஆம்ப்ரோஸ். வெளியூர்க்காரன் எதைப் பாக்க வருவான்?"

"அது துரு இல்ல தெல்மா. மழை, எண்ணெய், ஒரு மனுஷனோட வேர்வை. அதைத் தேச்சு எடுத்துட்டா அப்புறம் அது கரண்டி. கரண்டியப் பாக்க எவன் வருவான்?"

"வயசாயிடுச்சு உனக்கு. பழசு எல்லாமே அழகாத் தெரியுது."

"எல்லாம் இல்ல. போன தேர்தல் போஸ்டர்ல உன் முகத்தையும்தான் தேச்சு வழவழன்னு போட்டாங்க. எங்க வீட்டு நாய்க்கே அடையாளம் தெரியல."

வாக்கெடுப்பு இந்த மாதத்துக்குத் தள்ளிப்போனது. அதற்குள் ஆம்ப்ரோஸ் போய்விட்டார். தோற்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

நேற்று அஞ்சலிக்கு உடலை வைத்தார்கள். இறுதிச் சடங்கு நிலையத்து ஹோவர்ட், வழக்கம்போல முகத்துக்குப் பூசப் பவுடர் டப்பாவும் தூரிகையுமாக வந்தார். பழைய துப்பாக்கிகளுக்காக ஆம்ப்ரோஸ் சொல்வதையே சொல்லி வெர்னா குறுக்கே நின்றார்: "கைய எடு ஹோவர்ட்! பூச்சு பட்டா மதிப்பு பாதியாயிடும்!"

பெட்டி திறந்தே இருந்தது. மூக்கில் வெயில் தழும்பு, தாடையில் பழைய வெட்டு, எல்லாம் அதனதன் இடத்தில். இந்த ஊர் அஞ்சலிகளில் "தூங்குற மாதிரியே இருக்காரு" என்று சொல்வது மரபு. நேற்று ஒருவரும் சொல்லவில்லை. "இப்பவும் நம்மளத்தான் முறைக்கிறாரு" என்றார்கள்.

மேயர் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "இது ஆம்ப்ரோஸேதான்" என்றார். மூக்கைச் சிந்திக்கொண்டார். "அந்த முலாம் வேண்டாம்யா. துப்பாக்கி அப்படியே இருக்கட்டும்."

நண்பர்களே, இது வெற்றி இல்லையா! உயிரோடு இருந்தபோது கத்திக் கத்தி வெல்ல முடியாத விவாதத்தை, வாயே திறக்காமல் வென்ற மனிதர் இந்த மாவட்டத்தில் வேறு யார்!

எழுந்து நின்று என்னோடு சொல்லுங்கள். அந்த ரிவால்வரை வெள்ளைக் கையுறை இல்லாமல் தொட மாட்டோம். மெல்லிய எண்ணெயைத் தவிர எதுவும் தடவ மாட்டோம். தேய்க்க வருபவர் யாரானாலும், ஆம்ப்ரோஸ் முறைத்ததுபோலவே முறைப்போம். இது உறுதி!

கல்லறைக்குப் பளபளப்பான கல் வேண்டாம் என்று வெர்னா சொல்லிவிட்டார். சொரசொரப்பான கல்தான் வைக்கிறோம். மழையும் பனியும் கன்சாஸ் காற்றும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். இன்னொரு நூற்றைம்பது ஆண்டில் நம் தலைவருக்கும் அந்த ரிவால்வரைப் போல நல்ல நிறம் வந்துவிடும்.